நோர்மா காருக்குள் சொன்னது

அதெல்மோ ஜிரோனிக்கு எதைப் பார்த்தாலும் அது ஏன் சத்தம் போடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். நோர்மாவைப் பெண் கேட்கப் போன அன்று, அவர்கள் வீட்டுக் கதவு கிறீச்சிட்டதைப் பொறுக்க முடியாமல் பேச்சின் நடுவே எழுந்துபோய்க் கீலைக் கழற்றினான். "பொண்ணைப் பார்க்க வந்தியா, கதவைப் பார்க்க வந்தியா?" என்று அவள் அப்பா கேட்டதை மோடெனா ஊரில் அந்தத் தெரு இன்றும் சொல்லிச் சிரிக்கும்.

இப்படிப்பட்டவனுக்குக் கார் கம்பெனியில் இல்லாமல் வேறு எங்கே வேலை கிடைக்கும்? மெக்கானிக்காகச் சேர்ந்து, புது வண்டிகளை ஓட்டிச் சோதிப்பவன் ஆனான். ஓடுகிற எஞ்சின்மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். இவன் மட்டும் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பான்.

அவர்கள் செய்தது பந்தயக் கார் அல்ல, கிரான் தூரிஸ்மோ. பந்தயக் கார் எவ்வளவு கத்தினாலும் கேட்பாரில்லை. உள்ளே இருப்பது ஒரே ஆள், அவனுக்குப் பேச்சுத் துணையும் கிடையாது. கிரான் தூரிஸ்மோவுக்கு அந்த வேகமும் வேண்டும், இரண்டு பேர் காலை நீட்டி உட்காரவும் வேண்டும், பின்னால் பெட்டிகள் வைக்கவும் வேண்டும். காலையில் மோடெனாவில் கிளம்பி நீஸ் கடற்கரையில் இறங்கும்போது கணவனும் மனைவியும் இன்னும் பேசிக்கொள்கிற நிலையில் இருக்கவும் வேண்டும். கடைசி விஷயம்தான் ரொம்பக் கஷ்டம் என்பார் எஞ்சினியர் ரொவேர்சி. அவருக்கும் அவர் மனைவிக்கும் பேச்சு நின்று வெகுகாலமாயிற்று என்பது வேறு கதை.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புது மாடல் தயாரானதும், கடைசிச் சோதனைக்கு அதெல்மோ தன் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போக வேண்டும். வேகம் இருநூறு கிலோமீட்டரைத் தொட்டதும் நோர்மா, எவ்வளவு குரல் கொடுக்கத் தோன்றுகிறதோ அவ்வளவே கொடுத்து, மனதில் வந்ததைச் சொல்வாள். ஒரே ஒரு முறை. திரும்பி வந்ததும் எஞ்சினியர் அதெல்மோவிடம் கேட்பார், "என்னப்பா சொன்னா?" அவன் சொன்னது சரி என்று நோர்மா தலையாட்டிவிட்டால் வண்டி தேறியது. இல்லையென்றால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

நோர்மா என்ன சொல்லியிருப்பாள் என்று பட்டறையே காத்துக் கிடக்கும். ஒருமுறை, "உன் தங்கச்சி பண்ற தொர்தெல்லினியைத் தின்னா சோப்பைத் தின்ன மாதிரி இருக்கு" என்றாள். இன்னொரு முறை, "எஞ்சினியர் மீசையை எடுத்தா வயசு குறையும்" என்றாள். அதை அதெல்மோ அவர் முகத்துக்கு நேராகவே ஒப்பிக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் மீசை இல்லை.

அந்த வருடம் வந்த வண்டி மனுஷர் உயிரை வாங்கியது. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் முன்னால் இருந்தது. எடை முன்னும் பின்னும் சமமாக விழட்டும் என்று கியர் பெட்டியைப் பின்சக்கரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார் எஞ்சினியர். மலைப் பாதை வளைவுகளில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கிற நீளத் தண்டு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே சுழன்று, வேகம் ஏறும்போது தலைவலி வருகிற மாதிரி முனகியது. தண்டை ஒரு குழாய்க்குள் அடைத்தார்கள். எஞ்சின், குழாய், கியர் பெட்டி மூன்றையும் ஒன்றோடொன்று இறுக்கி, மொத்தத்தையும் ரப்பர் திண்டுகளின்மேல் உட்காரவைத்தார்கள். கெட்டி ரப்பர் போட்டால் முனகல் உள்ளே வந்தது. மெத்து ரப்பர் போட்டால் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. குளிர்காலம் முழுக்க இதே பாடு.

அதெல்மோவுக்கோ கொண்டாட்டம். முனகல் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். கடைசியில் ஒருநாள் அது அடங்கியது. எஞ்சினியரால் நம்ப முடியவில்லை. தூக்கத்திலும் அந்த முனகலைக் கேட்டுப் பழகிய தன் காதை அவர் நம்பத் தயாராக இல்லை. "நோர்மா சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். இந்தச் சோதனையில் தேறாவிட்டால் கியர் பெட்டியைப் பழையபடி முன்னாலேயே வைத்துவிடுங்கள் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

நெடுஞ்சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. முள் இருநூறைத் தொட்டது. அதெல்மோ காத்திருந்தான்.

"வந்தாச்சே, சொல்லேன்."

நோர்மா திரும்பி அவனையே பார்த்தாள். பிறகு உரக்கச் சொன்னாள், "சொல்லியாச்சு."

சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினான். "இன்னும் சத்தம் அடங்கல போல."

"என்ன சத்தம்? என் கைப்பைக் கொக்கி ஆடறதுகூட எனக்குக் கேட்டுச்சு."

அதெல்மோ அவள் கையைப் பிடித்து இழுத்து, கைக்கடிகாரத்தைத் தன் காதருகே வைத்தான். ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினான். டிக் டிக்கென்று துல்லியமாகக் கேட்டது. முன்னால் கொண்டுவந்தான், நின்றது. பின்னால் வைத்தான், ஓடியது.

"அட!" என்றான். பயம் வருவதற்கு முன்னால் அவனுக்கு ஆச்சரியம்தான் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எலும்பில் வைத்தே கேட்டுப் பழகியவனுக்குக் காது போனது எப்படித் தெரியும்? முந்தைய வண்டிகளெல்லாம் இரைந்தன. அந்த இரைச்சலில் நோர்மா கத்தித்தான் பேசினாள், அவனும் கேட்டான். வீட்டில், கடையில், பட்டறையில் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். மோடெனாவில் மெல்லப் பேசுகிறவனைக் காய்ச்சலா என்று கேட்பார்கள். இந்த வண்டி இவ்வளவு அமைதியாக அமைந்ததனால்தான் அவள் முதல்முறையாக மெல்லப் பேசினாள். அவனுக்கே தெரியாத குட்டு உடைந்தது.

அப்புறம்தான் பயம் வந்தது. இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

"என்ன சொன்னேன்னு இப்ப சொல்லிடு, நோர்மா. அவர்கிட்ட அப்படியே ஒப்பிச்சிடறேன். வண்டியும் தேறிடும், நானும் தப்பிச்சிடுவேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்டி? ஒரு வார்த்தைதானே?"

"நாளைக்கு இதே வேகத்துல ஏதாவது உடையற சத்தம் வந்தா, அதை உனக்கு யாருய்யா சொல்லுவா?"

அதெல்மோ வண்டியைத் திருப்பினான். பட்டறை வாசலில் எஞ்சினியர் நின்றிருந்தார். பின்னால் ஒரு கூட்டமே வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தது.

"என்னப்பா சொன்னா?"

கேட்கவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பழி வண்டிமேல் விழும், இவன் வேலை பிழைக்கும். நாக்கு நுனிவரை அது வந்தும்விட்டது. ஆனால் தன் வாழ்நாளில் ஓட்டிய வண்டிகளிலேயே நல்ல வண்டி இதுதான் என்று அவனுக்குத் தெரியும். அதன்மேல் பொய்க் குற்றம் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குக் கேக்கல, எஞ்சினியரே" என்றான். எஞ்சினியரின் முகம் தொங்கிப்போனது. "வண்டிமேல தப்பில்ல. என் காதுதான் போச்சு. நீங்களே நோர்மாவைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க." சாவியை அவர் கையில் வைத்தான். அந்த ஊரில் அப்படியொரு அமைதியை யாரும் பார்த்ததில்லை.

வண்டி போய்த் திரும்பும்வரை அதெல்மோ ஒரு டயரின்மேல் உட்கார்ந்து பட்டறை வாசலைப் பார்த்தபடியே இருந்தான். யாரோ கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று.

எஞ்சினியர் இறங்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் உதடு துடித்தது. "தேறிடுச்சு!" என்று கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அதெல்மோவும் தட்டினான்.

"என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"உன்கிட்ட சொன்னதையேதான் எங்கிட்டயும் சொன்னா." எஞ்சினியர் குனிந்து, அவன் காதோடு வாயை வைத்து, பட்டறை முழுக்கக் கேட்கிறாற்போல உரக்கச் சொன்னார்: "'அதெல்மோ, உனக்குக் காது கேக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீயா எப்ப ஒத்துக்கப் போற?'"

அதெல்மோ நிமிர்ந்து பார்த்தான். நோர்மா காரில் சாய்ந்து, கைப்பையை இறுகப் பிடித்தபடி, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல.