சிவமணி டீச்சரின் கொம்பியூட்டர் குடிக்கும் கரண்ட்

சிவமணி டீச்சர் கொம்பியூட்டரைப் போட்டால் பொரளைச் சந்தியில் விளக்குகள் மங்கும், ஹெந்தளைக் கல்யாண வீட்டில் லவுட்ஸ்பீக்கருக்கு விக்கல் எடுக்கும், தெமட்டகொடையில் நிற்கிற ரயில்கள் டீசலை மறந்துவிட்டு அந்தக் கரண்டிலேயே ஓடப் பார்க்கும். வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுக்க இப்படிச் சொல்லித் திரிந்தவன் ஷரீப். ஓ.எல். பரீட்சையில் கணக்கை இரண்டுமுறை கோட்டைவிட்டவனுக்கு வேறு வேலை இல்லை. கேட்டுச் சிரிக்காதவர் ஒருவர்தான்: அவனுடைய வாப்பா, வீட்டுக்காரர் பௌஸி.

முன்வீடும் பின்னறையும் ஒரே மீற்றரில் ஓடின. பின்னறையில் டீச்சர். யாழ்ப்பாணத்தில் படிப்பித்த பள்ளிக்கூடம் ஷெல்லில் போனபிறகு கொழும்புக்கு வந்தவர். பகலில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துவார். பின்னேரம் அந்தப் பழைய கொம்பியூட்டரில் ஆட்களுக்கு ரைப் அடித்துக் கொடுப்பார். மாணவர்களிடம் காசு வாங்குவார். ஆமி பிடித்துக்கொண்டுபோன மகனைத் தேடும் தாய்மார் விண்ணப்பத்தோடு வந்தால் வாங்கமாட்டார். ஆறுதலும் சொல்லமாட்டார். "பேரைச் சொல்லுங்கோ" என்பார். களைத்த விரல்கள் தம்பாட்டில் அடிக்கும்.

"பில் ஏறிட்டே போவுது டீச்சர். பாதிக்கு மேல அந்தப் பொட்டிதான் குடிக்குதுண்டா, அத வெளிய அனுப்பிடுங்க" என்றார் பௌஸி.

"ஊகத்திலை ஏன், பௌஸி நானா? அளந்து பாப்பம்."

ஞாயிறு மத்தியானம் இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் நிற்பாட்டினார்கள். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. மீற்றருக்குள் தட்டு அசையாமல் நின்றது. இனிக் கொம்பியூட்டரை மட்டும் போட்டு, தட்டின் சிவப்புக் கோடு சுற்றிவரும் வேகத்தைப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். எத்தனை சுற்றுக்கு ஒரு யூனிட் என்று மீற்றரின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. டீச்சரும் பௌஸியும் மீற்றரடியில் நின்றார்கள். சுவிட்சைப் போடப் பின்னறைக்கு ஷரீப் போனான்.

போனவன், கரண்டில் பெரும்பங்கைக் குடிக்கிற மொனிட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, "போட்டாச்சு!" என்று கத்தினான்.

சிவப்புக் கோடு சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. பௌஸி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா ஊரெல்லாம் கத? நீங்க வெச்சிக்கொள்ளுங்க டீச்சர்." ஃபேனைத் தேடி உள்ளே போய்விட்டார்.

டீச்சர் பின்னறைக்கு வருவதற்குள் ஷரீப் வயரைக் கொழுவிவிட்டான். ஆனால் திரை அப்போதுதான் கறுப்பிலிருந்து மெல்ல மெல்ல வெளித்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். மொனிட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"இவ்வளவு நேரம் ஓடினது ஏன் தம்பி இப்பிடி ஆறிக் கிடக்கு?"

"ஜப்பான் சாமான் டீச்சர். சூடாவாது."

"அடுத்த பில் வரேக்கை வாப்பாவுக்கும் இதைத்தான் சொல்லுவியோ?"

ஷரீப் சுவரைப் பார்த்தான். "பொட்டி போனா அந்த உம்மாமாரெல்லாம் எங்க போற?"

டீச்சர் கதிரையில் இருந்தார். இனி எழும்பவே மாட்டார் போலிருந்தது.

"கொழும்பிலை இருக்கிறதுக்கு என்னைப் பொலிஸிலை பதிஞ்ச கடுதாசியிலை, வீட்டுக்காரர் எண்டு உன்ர வாப்பாதான் கையெழுத்து வைச்சவர். அந்த மனுசன் என்னை நம்பாட்டி நானும் இஞ்சை இல்லை, விண்ணப்பமும் இல்லை. போய்க் கூட்டிக்கொண்டு வா, திரும்ப அளப்பம்."

ஷரீப் வாசலடிக்குப் போய்விட்டான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"வயர் கழண்டு போச்சுதெண்டு சொல்லாதை. கழட்டினனான் எண்டு சொல்லு."