முதியோர் இல்லத்தில் கெட்டிமேளம்

இன்று ஜெலுத்தோங் முதியோர் இல்லத்தில் பாடினேன். தவிலுக்கு, கல்யாண வீடுகளிலேயே வாசித்துப் பழகிய ஓர் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன்.

கச்சேரி முடிந்தது. இல்லத்தை நடத்தும் அக்கா என் கழுத்தில் மாலை போட்டார்.

மாலையைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? அண்ணன் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்!

அவ்வளவுதான். பெரியவர்கள் அத்தனை பேரும் தின்றுகொண்டிருந்த பொரியை அள்ளி என் தலையிலும் அக்கா தலையிலும் தூவினார்கள்.

"நல்லா இருங்க. பாயசம் எப்போ தம்பி?" என்றார் ஒரு தாத்தா.

ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

"கழுத்துல மாலை, தலையில பொரி. எங்க போயிட்டு வர்றீங்க?" என்றாள் மனைவி.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். கதவைச் சாத்திவிட்டாள்.

வாசலில்தான் இருக்கிறேன். நம்பும்படியாக ஒரு பொய் இருந்தால் சொல்லுங்கள்.