இரண்டு ஃபிளாஸ்க்கையும் திறந்த நாள்

அப்பா போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ் ஓட்டியவர். முப்பது வருஷம் புகையிலையை வாயில் அடக்கியே வண்டி ஓட்டி, கடைசியில் கன்னத்தில் புற்றுநோய். அவருக்கு வருவதற்கு முன்பே நான் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்ததும் வாய்ப் புற்றுநோய்தான். "எம்பொண்ணு என் வியாதியத்தான் படிக்குது" என்று டிரைவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஓசூரில் அறை எடுத்து, அத்திப்பள்ளி தாண்டி லேபுக்குப் போய்வந்தேன். யாரோ ஒரு நோயாளியின் கன்னத்திலிருந்து எடுத்து, ஃபிளாஸ்க் என்கிற சின்னக் குடுவையில் வளர்க்கிற செல்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றணும். லேபில் அதற்குச் சாப்பாடு போடுவது என்றுதான் பேர். ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. அப்பா போனில் கேட்பார்: "உம்புள்ளைங்களுக்குச் சோறு போட்டியா கண்ணு?"

அவருக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கும் காலையில் செல்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு ஃபிளாஸ்க்கை மூடி, மேடையைத் துடைத்த பிறகே அடுத்ததைத் திறக்கணும். முதல் நாளே சொல்லித்தருவது இது. எனக்குக் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். நான் வளர்த்த கன்னத்துச் செல்லையும், லீவில் போன லேப் தோழி வளர்த்த கருப்பைவாய்ப் புற்றுச் செல்லையும் ஒன்றாகத் திறந்து, ஒரே பிப்பெட் குழாயால் ஊற்றினேன். அறிவு வேண்டாமா எனக்கு.

ஒன்றரை வருஷம் கழித்து, கட்டுரை அனுப்பும் முன் செல்களின் அடையாளத்தைச் சோதிக்கக் கொடுத்தோம். கன்னத்துச் செல் ஒன்றுகூட இல்லை. வேகமாய் வளர்கிற கருப்பைவாய்ச் செல் முழுக்கப் பரவி, அதை ஒழித்தே விட்டிருந்தது. லேப் நோட்டைப் புரட்டினேன். இரண்டையும் சேர்த்துக் கையாண்டது அந்த ஒரு நாள்தான்.

கைடு மேடம் திட்டவில்லை. "அதுக்கப்புறம் பண்ணதெல்லாம் போச்சும்மா" என்றார். சரிங்க மேடம் என்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஃபிளாஸ்க் எல்லாவற்றிலும் ப்ளீச் ஊற்றிக் கொட்டினேன். கேன்டீனுக்குப் போய் சாம்பார் சாதம் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மத்தூர் வீட்டுக்குப் போனேன். ஆபரேஷனில் நாக்கிலும் பாதி போனதால் அப்பாவுக்குப் பேச்சில்லை, நோட்டில் எழுதுவார். கட்டி மறுபடி வந்திருந்தது. மூக்கு டியூபில் சிரிஞ்சால் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"புள்ளைங்க சாப்ட்டாங்களா?" என்று எழுதிக் காட்டினார்.

"இல்லப்பா. அது உங்க வியாதியே இல்லியாம். நாந்தான் கலந்துட்டேன். ஒன்றர வருஷமா வேற எதையோ பாத்துட்டிருந்திருக்கேன்."

நோட்டில் பக்கத்தைத் திருப்பினார். பிறகு எழுதினார்: "அப்ப என்னுத யாரு பாக்கறாங்க?"

சிரிஞ்சில் பாதிக் கஞ்சி மிச்சமிருந்தது. அதை ஊற்றினேன்.