பத்து நிமிஷம் முந்தி அடிக்கும் மணி

கன்னியாஸ்திரிகள் நடத்தும் எங்கள் பெண்கள் பள்ளியில் சாயங்கால மணி, டவுனிலுள்ள மற்ற பள்ளிகளைவிடப் பத்து நிமிஷம் முந்தி அடிக்கும். காலையிலும் அவ்வளவு முந்தித் தொடங்கிவிடுவதால் பாடத்துக்குக் குறைவில்லை. புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை சிஸ்டருக்கு இது உறுத்தியது. "எல்லாப் பள்ளி மாதிரியும் வச்சிட்டா என்ன டீச்சர்?" என்று போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் இங்கேயே படித்து, இங்கேயே கணக்கு டீச்சராக வந்தவள்.

நான் ஒன்பதாவது படித்தபோது, நரிக்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் பஸ் கிளம்புவதும் பள்ளி விடுவதும் ஒரே நேரம். தலைதெறிக்க ஓடுவேன், சில நாள் பஸ் கிளப்பிய புழுதியைத்தான் பார்ப்பேன். அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இனி ஒருக்கா இருட்டி வந்தேன்னு வையி, படிச்சது போதும்."

அந்த வாரமே பஸ்ஸை விட்டேன். கேட் அருகே நின்று தேம்பிக்கொண்டிருந்ததை அப்போதைய தலைமையாசிரியை பார்த்துவிட்டார். கண்டிப்புக்குப் பேர்போனவர், அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தா அடங்கிவிடும். விஷயத்தைக் கேட்டவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு என்னோடு அடுத்த பஸ்ஸில் ஏறினார். உள்ளே ஆட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பும் கூட்டம். யாரோ ஒருவர் சிஸ்டரின் வெள்ளை அங்கி மடியில் ஆட்டுக்குட்டியை வைத்துவிட்டார். எங்கள் ஊர் வரைக்கும் சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பஸ் நின்ற இடத்தில் அப்பா காத்திருந்தார். நான் சிஸ்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"தப்பு பிள்ளை மேல இல்லைங்க, எங்க மணி மேல," என்றார் சிஸ்டர். "திங்கக்கிழமையிலிருந்து முந்தி அடிக்கச் சொல்றேன். அனுப்புவீங்களா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒரு பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்து மணிய மாத்துவாகளா?"

மாற்றினார்கள். காலையில் அரக்கப்பரக்கக் கிளம்ப வேண்டிவந்த கடைக்கார வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பட்டிக்காட்டு மணி என்று பேர் வைத்தார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

போன வாரக் கூட்டத்தில், அது பஸ்ஸுக்காக மாற்றிய மணி என்று மட்டும் சொன்னேன். "இப்பத்தான் எல்லாரும் வேன்ல வாராங்களே," என்றார் புது சிஸ்டர்.

"எட்டாவதுல ஒரு பிள்ளை இன்னும் அந்த பஸ்ஸுலதான் போகுது, சிஸ்டர்."

"ஒரு பிள்ளைக்காகவா டீச்சர்?"

அப்பா கேட்ட அதே கேள்வி. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அன்னைக்கும் ஒரு பிள்ளைக்காகத்தான் மாத்தினாங்க, சிஸ்டர். அது நான்தான்."