அவர் கேட்ட முதல் கேள்வி

மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு என் ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. இனிக் குழந்தை வேண்டாம் என்று கணவரையும் அழைத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

"இந்த பிரஷருக்கு கருத்தடை மாத்திரை வேணாம்மா, ரத்தம் கட்டிக்கும். கர்ப்பப்பையில காப்பர் வளையம் வைக்கலாம். ஆனா உங்களுக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி, மாசாமாசம் இன்னும் அதிகமாப் போகும்" என்றார் டாக்டரம்மா.

என் கணவர் கைப்பேசியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபத்து கம்மின்னா, சார் செஞ்சுக்கிற சின்ன ஆபரேஷன்தான்."

சட்டென்று நிமிர்ந்தார். "எனக்கா? சேஃபா டாக்டர்? வலிக்குமா? நான் லோரி ஓட்டுறவன் லா!"

"மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம்."

"வேணாம் டாக்டர். அவளுக்கே ஏதாச்சும் வச்சு விடுங்க."

தைப்பூசம் தவறாமல் பத்துமலையில் முதுகு நிறையக் கொக்கி குத்திக் காவடி எடுப்பவர் இவர். அங்கே மரத்துப்போக எந்த ஊசியும் கிடையாது. ஊருக்கு முன்னால் தாங்குகிற வலியை எனக்காகத் தாங்க மாட்டார்.

கடைசியில் வளையத்தை நான்தான் வைத்துக்கொண்டேன். இந்தத் தைப்பூசத்திலும் அவர் காவடிக்குப் பக்கத்தில் நடந்தேன். "வேல் வேல்" என்று கத்த மட்டும் வாய் வரவில்லை.