முழுசாகப் போக நினைத்தவர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒருமுறை கால் முறிந்து கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பிச்சாவரத்து ஓடக்காரர் ஒருவர். உப்புக்காற்றில் காய்ந்து கறுத்த உடம்பு. துணைக்கு ஆள் இல்லை. சர்க்கரை வியாதியில் இடதுகால் அழுகிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் இரண்டு கால்களையும் தானே கழுவி, விரல் விரலாகத் துடைப்பார்.

அழுகிய காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஓடக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

"உசுரு போயிடும் மச்சான், ஒத்துக்க" என்றேன்.

"ஒத்தக் கால்ல ஓடத்துல நிக்க முடியுமா மச்சான்? போனா முழுசாப் போறேன். உன் காலையா கேக்குறாங்க, நீ பாட்டுக்குப் பேசுற?"

இரண்டு நாளில் காய்ச்சல் ஏறி அவருக்கு நினைவு தப்பியது. உறவுக்காரர் கையெழுத்து வேண்டுமென்று டாக்டர் காகிதத்தோடு நின்றார். வார்டே என்னைப் பார்த்தது. மச்சான் என்றுதானே கூப்பிடுகிறார் என்று, மைத்துனன் என எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கண் விழித்தவர், போர்வைக்குள் கையை விட்டு இடதுகால் இருந்த இடத்தைத் தடவினார்.

"வேணாம்னு சொன்னேனே. யாரு மச்சான் ஒத்துக்கிட்டது?"

"டாக்டரே பண்ணிட்டாரு" என்றேன்.

பிழைத்துக்கொண்டார். வார்டு ஆட்கள் இரண்டு பேர் தூக்கிப்போய்ச் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார வைத்தார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றியவன் என்று இன்றும் பத்துப் பேரிடம் சொல்கிறேன். அந்த மனிதரிடம் மட்டும் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.