புறங்கை

எதையும் அவர் முதலில் புறங்கையால்தான் தொடுவார். குழாய், கதவுக் கொண்டி, பால் பாத்திரம், காய்ச்சலில் படுத்த பிள்ளையின் நெற்றி, எதுவானாலும் சரி. "உள்ளங்கையால தொட்டா கரண்ட் பிடிச்சுக்கும். புறங்கைன்னா கை தானா விலகிடும்" என்பார். முப்பத்திரண்டு வருடம் கம்பம் ஏறிய லைன்மேன். ஓய்வுபெற்று ஐந்து மாதமாகியும் அவர் விரல்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

அன்று காலையிலிருந்து அந்தப் புறங்கை மீன்தொட்டியின் கண்ணாடியையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இரவு புயல் கரையைக் கடக்கும் என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். கரண்ட் எத்தனை நாளைக்கு இருக்காது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாளி, அண்டா, குக்கர் வரை தண்ணீர் பிடித்து வைத்தார். தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மாற்றினார். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைப் போட்டு, குமிழி வருகிறதா என்று மூன்று தரம் பார்த்தார். கடைசியில் தொட்டியைச் சுற்றி ஒரு கனத்த போர்வையைக் கட்டினார்.

"அது விருந்தாளிக்குன்னு எடுத்து வச்ச போர்வைங்க" என்றாள் மனைவி.

"இதுங்கதான் நம்ம விருந்தாளி. தண்ணி சூடு மாறக்கூடாது."

"தீனியாவது போடவா?"

"ஒரு துளி போடாத. தின்னா தண்ணி கெடும், அப்புறம் மூச்சு முட்டும். ரெண்டு நாள் பட்டினியில ஒண்ணும் ஆயிடாது. பாப்பா, நீயும் கேட்டுக்கோ. கரண்ட் வந்த சந்தோஷத்துல ஃபில்டர் சுவிட்சைத் தட்டிவிட்டுடாதீங்க. உள்ள தேங்கின தண்ணி விஷம். கழுவிட்டுத்தான் போடணும்."

"நீங்கதான் வீட்டுல இருக்கப் போறீங்களே, எங்களுக்கு எதுக்குப் பாடம்?" என்றாள் மகள்.

அவர் சிரித்தார். "ஆமால்ல."

அந்த "ஆமால்ல"வின் வயது ஒன்பது வருடம் என்பது மகளுக்குத் தெரியும். அந்த வருடத்துப் புயலில் ஊரே இருண்டது. மூன்று நாள் அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரித் தெரு, பள்ளிக்கூடத் தெரு, மார்க்கெட் தெரு என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் கொடுத்தவர், தன் தெருவைக் கடைசியில் வைத்தார். இரண்டாம் நாளே கொடுத்திருக்கலாம். போட வேண்டியது ஒரே ஒரு ஃப்யூஸ். 'லைன்மேன் தன் வீட்டுக்கு முதல்ல போட்டுக்கிட்டான்' என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது, அதுதான் அவர் வைராக்கியம். மனைவியோ மூன்று நாளும் தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, உயரத் தூக்கி, திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தாள், மீன்களுக்குக் காற்று கிடைக்கட்டும் என்று. வலது தோள் வீங்கிப்போனது. நாலாம் நாள் காலையில் ஏழு தங்கமீன்களும் மிதந்தன. மதியம் அவர் வந்து நின்றபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எல்லாத் தெருவுக்கும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப சரி."

அடுத்த புயலுக்கு வீட்டில் இருப்பதாக அன்று வாக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் மூன்று புயல்கள் வந்து போய்விட்டன. ஓய்வுபெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக, ஐந்து புது மீன்களோடு வந்து இறங்கினார்.

அந்தக் கடைசித் தெருவைப் பற்றி மகள் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருந்தாள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள். கட்டுரையில் அப்பா இருந்தார், இருட்டு இருந்தது, அம்மாவின் சொம்பு இல்லை. அம்மாதான் அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, மீன்தொட்டிக்கு மேலே மாட்டியவள். இப்போது அதை நிமிர்ந்து பார்க்க மகளுக்குக் கூசுகிறது.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. பழைய அலுவலகத்து ஃபோர்மேன். அவர் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும்.

"அண்ணே, நாலு பேரும் புதுசுண்ணே. பழைய லைன்ல எந்தப் பக்கமிருந்து கரண்ட் திரும்பி வரும்னு ஒருத்தனுக்கும் தெரியல. போன மாசம்தான் ஒருத்தனுக்குக் கை வெந்துபோச்சு. நீங்க ஏற வேணாம், கீழ நின்னு சொன்னாப் போதும்."

இவர் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுக் குமிழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி உள்ளே போய் மழைக்கோட்டைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள்.

"நேத்தே உதறி வச்சுட்டேன்."

"நான் வரேன்னு இன்னும் சொல்லலையே."

"மாட்டேன்னும் சொல்லலையே."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். அதற்குள் அவள் பரணிலிருந்து அந்தச் சொம்பை இடது கையால் எடுத்து, காற்று மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பேட்டரிதான் இருக்கே."

"இருக்கட்டும்."

அவர் கொஞ்சம் நின்றார். பிறகு அவளுடைய வலது தோளை நோக்கிப் புறங்கையை மெல்ல நீட்டினார்.

"தொடுங்க, ஷாக்கெல்லாம் அடிக்காது" என்றாள் திரும்பாமலே.

அவர் உள்ளங்கையைத் திருப்பினார். சட்டைப்பையில் போன் மறுபடியும் அடித்தது. அந்தக் கையாலேயே அதை எடுத்து, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றபடி படியிறங்கினார்.